வலிப்புக் குளிசையோடு எந்தக் கருத்தடை? குளிசை, ஊசி, கைக்குச்சி, லூப்: ஓர் ஒப்பீடு

என் இரண்டாவது மகன் வயிற்றில் வந்த வருடம், வலிப்புக்கு எடுக்கும் கார்பமசெபினையும் நான் தவறவிடவில்லை, கருத்தடைக் குளிசையையும் தவறவிடவில்லை. வீட்டில் யாரும் நம்பவில்லை. "எங்கேயோ ஒரு நாள் மறந்திருப்பாய் பிள்ளை" என்றார் மாமி. இவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, முகம் சொன்னது. கொஞ்ச நாள் போக எனக்கே என்மேல் சந்தேகம் வந்து, மேசை லாச்சியில் கிடந்த வெறும் குளிசை அட்டைகளை எடுத்து ஒவ்வொரு குழியாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை.

மகனுக்கு எட்டு மாதமானபோது தற்செயலாகத்தான் விடை கிடைத்தது. அவனுக்குக் காய்ச்சல் என்று ஓடிய அவசரத்தில் என் வலிப்புக் கிளினிக் கொப்பியும் குடும்பத்திட்ட அட்டையும் ஒரே பைக்குள் இருந்தன. பார்த்த டொக்டர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்தக் குளிசை எடுக்கும்போது அந்தக் குளிசையை நம்ப ஏலாதே அம்மா, ஒருவரும் சொல்லவில்லையா?" என்றார். ஒருவரும் சொல்லவில்லை. வலிப்புக்குப் போகும் இடத்தில் கருத்தடை பற்றி யாரும் கேட்டதில்லை. குடும்பத்திட்டக் கிளினிக்கில் வேறு வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். "வலிப்பு" என்ற சொல் வாயில் வராமல் "இல்லை மிஸ்" என்று சொன்னது நான்.

மகனுக்கு இப்போது 11 வயது, நன்றாக இருக்கிறான். அவன் வந்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் வலிப்பு உள்ள பெண் எப்போது கர்ப்பமாகிறாள் என்பது மற்றவர்களைவிட அவளுக்கு முக்கியம். கரு தங்குவதற்கு முன்பே மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், போலிக் அமிலம் தொடங்க வேண்டியிருக்கும். அந்த நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கு வலிப்பு இருப்பதை மறைப்பதை நிறுத்திய பிறகு உவர்மலை, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று பல இடத்துப் பெண்கள் வந்து கதைக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், ஊசி போடுவதா, லூப் வைப்பதா, குளிசை குடிப்பதா, கைக்குச்சியா?" (லூப் கருப்பைக்குள் வைப்பது, கைக்குச்சி மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் ஓமோன் குச்சி.) நான் டொக்டர் இல்லை, முடிவு உங்கள் டொக்டரோடு கதைத்து எடுக்க வேண்டியது. ஆனால் கதைக்கப் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்து போவதற்காக இதை எழுதுகிறேன்.

## முதலில் பார்க்க வேண்டியது வலிப்புக் குளிசையின் பெயர்

சிநேகிதிக்கு எது சரிவந்தது என்பதில் தொடங்கினால் பிழைத்துவிடும். உங்கள் கொப்பியில் எழுதியிருக்கும் வலிப்பு மருந்தின் பெயரில் தொடங்குங்கள்.

காரணம் ஈரலில் இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்துகளையும் ஓமோன்களையும் உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள நொதியங்கள். சில வலிப்பு மருந்துகள் அந்த நொதியங்களைக் கூட்டிவிடுகின்றன. நாலு பேர் செய்த வேலையை எட்டுப் பேர் செய்தால் எப்படி இருக்கும்? கருத்தடைக் குளிசையில் உள்ள ஈஸ்திரஜனும் புரோஜெஸ்தரோன் வகை ஓமோனும் வேலையை முடிக்குமுன்பே உடைந்து போகின்றன. கார்பமசெபின் எடுப்பவரின் இரத்தத்தில் அவற்றின் அளவு ஏறத்தாழப் பாதிக்கு இறங்கலாம். வலிப்பு மருந்தை நிறுத்தினாலும் நொதியங்கள் பழைய நிலைக்கு வர நாலு கிழமை வரை எடுக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கருத்தடை ஓமோன் திருப்பி வலிப்பு மருந்தைக் குறைப்பது. அது லமோட்ரிஜினுக்கு நடக்கிறது.

| வலிப்பு மருந்து | கருத்தடை ஓமோனுக்கு என்ன நடக்கும் | கவனம் |
|---|---|---|
| கார்பமசெபின், பெனிடொயின், பெனோபாபிட்டோன், பிரிமிடோன், ஒக்ஸ்கார்பசெபின் | வேகமாக உடைந்து அளவு குறையும் | குளிசை, கைக்குச்சி நம்பகமில்லை |
| டோபிரமேட் | நாளுக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் குறையும் | குறைந்த அளவில் எடுப்பவரும் டொக்டரிடம் கேட்க வேண்டும், கருவுக்கும் ஆபத்து |
| லமோட்ரிஜின் | பெரிதாகக் குறையாது | ஈஸ்திரஜன் சேர்ந்தால் லமோட்ரிஜின் குறையும் |
| சோடியம் வல்ப்ரோவேட் | குறையாது | கருவுக்குக் கடும் ஆபத்து, கருத்தடை மிக உறுதியாக இருக்க வேண்டும் |
| லெவெடிரசெட்டம், கபபென்டின், பிரெகபலின், குளோனசெபாம் | குறையாது | பெரும்பாலும் எல்லா முறையும் திறந்திருக்கும் |

இரண்டு மூன்று மருந்து சேர்த்து எடுப்பவர்கள் அதில் ஒன்று முதல் வரிசையில் இருந்தாலே தங்களை முதல் வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வல்ப்ரோவேட் பற்றி இங்கேயே நின்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து எடுத்தால் பத்தில் ஒரு பிள்ளை பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறது. பத்தில் மூன்று நாலு பிள்ளைகளுக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை வளர்ச்சியில் பாதிப்பு வருகிறது. 15 வயதுப் பிள்ளைக்கு இந்த மருந்து தொடங்கியபோது யாரும் கல்யாணத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்து அதே மருந்தோடு அவள் மணவறை ஏறுகிறாள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த கிளினிக் தவணையில் "இதை மாற்றலாமா?" என்று கேளுங்கள். ஆனால் இதை வாசித்துவிட்டு இன்று இரவே குளிசையை நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

## நான் எதையெல்லாம் வைத்து எடைபோடுகிறேன்

என் வலிப்பு மருந்து இந்தக் கருத்தடையைக் கெடுக்குமா, இந்தக் கருத்தடை என் வலிப்பு மருந்தைக் கெடுக்குமா என்ற இரண்டும் முதலில். இவற்றில் பிழைத்த முறை மற்ற எதில் நல்ல பெயர் எடுத்தாலும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஞாபகம். வலிப்பு வந்த நாள் முழுக்கக் குழப்பமாக இருக்கும், அன்று குளிசை விட்டுப்போவது சாதாரணம். அப்புறம் இரத்தப்போக்கு எப்படி மாறும், திரும்பப் பிள்ளை வேண்டுமென்றால் எவ்வளவு காலம் எடுக்கும், எலும்புக்கு என்ன ஆகும், எங்கே கிடைக்கும், எடுப்பதற்கு எங்கே போக வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டிய நிலைமை. புகுந்த வீட்டுக்கு வலிப்பு என்றே சொல்லாத பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒவ்வொரு குளிசை அட்டையும் ஒளிக்க வேண்டிய பொருள்.

## கருத்தடைக் குளிசை

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் இலவசம், பார்மசியிலும் வாங்கலாம். விட்டால் சீக்கிரம் கரு தங்கும். மாதவிலக்கு ஒழுங்காக வரும், வயிற்று வலி குறையும். பெண்கள் முதலில் கை வைப்பது இதில்தான், அதில் பிழையும் இல்லை. சாதாரணமாக எடுக்கும் நூறு பெண்களில் வருடத்துக்கு ஏழு பேர் கர்ப்பமாகிறார்கள். அந்தக் கணக்கு வலிப்பு மருந்து எடுக்காதவர்களையும் சேர்த்து எடுத்தது. நொதியம் கூட்டும் மருந்து எடுப்பவர்களில் அந்த ஏழு இன்னும் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுக்கிறது. 1 என்றால் தடையில்லை, 4 என்றால் கூடவே கூடாது. கார்பமசெபின், பெனிடொயின் வகை எடுப்பவருக்குக் கருத்தடைக் குளிசை 3. அதாவது வேறு வழி இருந்தால் வேண்டாம். வழமையான குளிசையில் 30 மைக்ரோகிராம் அளவில் ஈஸ்திரஜன் இருக்கும். சில இடங்களில் டொக்டர்மார் அதைக் கூட்டி, இடைவெளி விடாமல் எடுக்கச் சொல்வதுண்டு. அப்போதும் முழுப் பாதுகாப்பு என்று யாரும் உறுதி தருவதில்லை. பக்கவிளைவு மட்டும் கூடுகிறது. இடையில் துளித்துளியாக இரத்தம் பட்டால் ஓமோன் போதவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். எனக்கும் பட்டது. வெயில் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன்.

லமோட்ரிஜின் எடுப்பவரின் கதை தலைகீழ். குளிசையில் உள்ள ஈஸ்திரஜன் லமோட்ரிஜினை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றி இரத்தத்தில் அதன் அளவைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். மூன்று கிழமை அப்படிப் போகும். நாலாவது கிழமை ஓமோன் இல்லாத குளிசை வரும்போது லமோட்ரிஜின் திரும்ப மேலே ஏறும். ஒரே அளவு மருந்து எடுத்தும் மாதத்தில் சில நாள் வலிப்பு, சில நாள் தலைசுற்று, பார்வை இரண்டாகத் தெரிவது. வருடக்கணக்கில் வலிப்பு வராமல் இருந்த ஒரு பெண், குளிசை தொடங்கி இரண்டாவது மாதம் பஸ் ஸ்டாண்டில் விழுந்தார். கண் பட்டுவிட்டது என்று நூல் கட்டினார்கள். குளிசை தொடங்கியதை வலிப்பு டொக்டரிடம் யாரும் சொல்லவில்லை. (வல்ப்ரோவேட்டும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இந்த இறக்கம் இப்படி வருவதில்லை.)

லமோட்ரிஜினோடு குளிசைதான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வலிப்பு டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தைக் கூட்டி, இடைவெளி இல்லாமல் ஓமோன் குளிசையைத் தொடர்வது. குளிசையை நிறுத்தும் நாளில் மருந்தைத் திரும்பக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு ஏறிவிடும். இரத்தத்தில் லமோட்ரிஜின் பார்ப்பது நம் பக்கத்துச் சாதாரண ஆய்வுகூடத்தில் நடக்கும் பரிசோதனை அல்ல. அந்தச் செலவையும் அலைச்சலையும் இந்தக் குளிசையின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

யாருக்கு நல்லது: லெவெடிரசெட்டம் போன்ற மருந்து எடுப்பவர், ஒரு வருடத்துக்குள் பிள்ளை வேண்டும் என்று இருப்பவர், ஒரே நேரத்தில் குளிசை எடுத்துப் பழகியவர். வலிப்பில்லாத மற்றப் பெண்களுக்கு இருப்பதைப் போல, இரத்த அழுத்தம், கடும் ஒற்றைத் தலைவலி, புகைத்தல் போன்றவற்றை இவர்களும் சொல்லியே தொடங்க வேண்டும்.

## மூன்று மாத ஊசி

டெப்போ புரொவேரா என்று சொல்லப்படும் 150 மில்லிகிராம் ஊசி. கார்பமசெபின் எடுத்தாலும் இதன் வேலை குறைவதில்லை, ஒரு முறையில் போகும் ஓமோனின் அளவு அவ்வளவு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் எண் 1. ஈஸ்திரஜன் இல்லாததால் லமோட்ரிஜினையும் அப்படி இறக்காது. வீட்டில் ஒளிக்க எதுவும் இல்லை. கிண்ணியாவில் ஒரு தங்கச்சி சொன்னாள்: "நோன்பு காலத்திலும் ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை டீச்சர், மூணு மாசத்துக்கு ஒருக்கா மிட்வைப் மிஸ்ஸிட்டப் போறதுதான்."

மாதவிலக்கோடு சேர்ந்து வலிப்பு வருபவர்களில் சிலருக்கு இந்த ஊசியால் மாதவிலக்கே நின்று, வலிப்பும் குறைகிறது. அது ஒரு தனி ஆறுதல்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதலாவது எலும்பு. இந்த ஊசியை நீண்ட காலம் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும். கார்பமசெபின், பெனிடொயின், பெனோபாபிட்டோன், வல்ப்ரோவேட் ஆகியவையும் நீண்ட காலத்தில் எலும்பைப் பலவீனப்படுத்துபவை. இரண்டும் சேர்ந்தால்? வலிப்பு வந்து விழும் உடம்புக்கு எலும்பு உறுதியாக இருக்க வேண்டாமா? ஊசியைத் தேர்ந்தவர் விற்றமின் டி, கல்சியம் பற்றி டொக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது தொடரலாமா என்று திரும்பப் பார்க்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இது முதல் தெரிவாக இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க ஒரு வருடம்கூட ஆகலாம். "அடுத்த சித்திரைக்குப் பிள்ளை வேண்டும்" என்று நினைப்பவருக்கு இது சரிவராது.

இவை தவிர, முதல் மாதங்களில் எப்போது இரத்தம் படும் என்று சொல்ல முடியாது. தொழுகையும் கோவிலும் அதனால் தடைப்படுவதாகப் பலர் ஊசியை விட்டதைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்தால் பொறுத்துக்கொள்ள முடியும், தெரியாமல் வந்தால் பயந்துவிடுகிறார்கள். உடம்பு வைப்பதும் உண்டு. வல்ப்ரோவேட்டால் ஏற்கெனவே உடம்பு வைத்தவருக்கு அது கூடுதல் சுமை.

## கைக்குச்சி

மேற்கையில் தோலுக்கடியில் வைப்பது. ஜடெல் என்றால் இரண்டு குச்சி, ஐந்து வருடம். வலிப்பு மருந்து எடுக்காதவருக்கு இதைவிட உறுதியான முறை கிடையாது, ஆயிரம் பேரில் ஒருவர்தான் கர்ப்பமாகிறார். அதனால்தான் கிளினிக்கில் இதை நம்பிக்கையோடு சொல்வார்கள்.

ஆனால் குச்சியிலிருந்து கசிவது மிகச் சிறிய அளவு ஓமோன். நொதியம் கூட்டும் மருந்து இருந்தால் அந்தச் சிறு அளவும் உடைந்துபோகும். கார்பமசெபின், பெனிடொயின் எடுத்த பெண்கள் குச்சி இருக்கும்போதே கர்ப்பமானது பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கு 2 தருகிறது, பிரித்தானிய வழிகாட்டல் இந்த மருந்துகளோடு குச்சி வேண்டாம் என்கிறது. இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்பாய் என்று என்னைக் கேட்டால், நான் வேண்டாம் என்ற பக்கம். ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை என்ற நிம்மதிதான் குச்சியின் பலன். அந்த நிம்மதி பொய்யாக இருந்தால் அது பலன் அல்ல.

லெவெடிரசெட்டம், வல்ப்ரோவேட், லமோட்ரிஜின் எடுப்பவருக்கு இது மிக நல்லது. ஒன்று மட்டும்: குச்சி வைத்த பிறகு எந்த வலிப்பு டொக்டர் மருந்தை மாற்றினாலும் கையைக் காட்டிச் சொல்லுங்கள். லெவெடிரசெட்டம் கிடைக்காமல் கார்பமசெபினுக்கு மாற்றினால் அன்றோடு குச்சியின் நம்பகம் போய்விடும். 2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கக் கூடாது.

## லூப்

ஊரில் லூப் என்று நாம் சொல்வது கருப்பைக்குள் வைக்கும் செப்புச் சாதனம். ஓமோனே கிடையாது. அதனால் எந்த வலிப்பு மருந்தும் இதை ஒன்றும் செய்யாது, இதுவும் எந்த வலிப்பு மருந்தையும் ஒன்றும் செய்யாது. முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே அடியில் பதில். மருந்து எத்தனை தடவை மாறினாலும் இது மாற வேண்டியதில்லை. பத்து வருடம் வேலை செய்யும், எடுத்த அடுத்த மாதமே கரு தங்கலாம். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தவறும்.

இதற்கும் விலை உண்டு. மாதவிலக்கு கூடும், வலியும் கூடும். ஏற்கெனவே இரத்தம் குறைந்தவர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இரும்புச்சத்துக் குளிசையோடுதான் போக வேண்டும். எனக்கு முதல் ஆறு மாதமும் சிரமம்தான், வெள்ளை நிறப் பாடசாலைச் சேலையை அந்த நாட்களில் கட்டவே பயந்தேன். பிறகு குறைந்தது.

வைக்கும் நேரம் பற்றி ஒரு கவனம். கருப்பை வாசலைத் தொடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு இறங்கி மயக்கம் வரும், வலிப்பு உள்ளவருக்கு அந்த நேரத்தில் வலிப்பு வரும் சாத்தியம் மிகச் சிறிய அளவில் உண்டு. ஆகவே வெறும் வயிற்றோடு போகாதீர்கள், காலைக் குளிசையை எடுத்துவிட்டுப் போங்கள், முதல் நாள் இரவு நன்றாக நித்திரை கொள்ளுங்கள். "எனக்கு வலிப்பு இருக்கிறது" என்று கட்டிலில் ஏறுமுன்பே சொல்லுங்கள். முதல் தடவை நான் சொல்லாத சொல்லை அந்த முறை சொன்னேன். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லூப்பைப் பற்றி ஊரில் நிறையக் கதை உலாவுகிறது. நெஞ்சுக்கு ஏறிவிடும், புற்றுநோய் வரும் என்றெல்லாம். இரண்டும் பொய். அரிதாக இடம் விலகலாம், கீழே விழலாம். அதற்குத்தான் லூப்பின் நுனியில் தொங்கும் நூலைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்.

ஓமோன் வெளிவிடும் லூப்பும் இருக்கிறது. அதன் ஓமோன் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் வலிப்பு மருந்து அதைக் கெடுப்பதில்லை. மாதவிலக்கு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. கடும் இரத்தப்போக்கு உள்ளவருக்குச் செப்பைவிட இது எத்தனையோ மேல். விலைதான் தடை, தனியாரில் வாங்கினால் அதிகம். அதிக இரத்தப்போக்குக்குச் சிகிச்சையாகத் தேவைப்படுபவர் பெண்நோயியல் கிளினிக்கில் கேட்டுப் பார்க்கலாம்.

## ஆணுறை, சத்திரசிகிச்சை

ஆணுறை மட்டும் போதாது, சாதாரண பாவனையில் நூறில் 13 பேர் கர்ப்பமாகிறார்கள். மருந்து மாற்றும் இடைக்காலத்தில் மற்ற முறையோடு சேர்த்துப் பாவிக்க நல்லது.

பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்த குடும்பத்தில் எப்போதும் பெண்ணுக்குத்தான் எல்ஆர்டி (கருக்குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை) என்று பேச்சு வருகிறது. கணவருக்குச் செய்யும் சத்திரசிகிச்சை அதைவிடச் சின்னது, மயக்க மருந்தும் தேவையில்லை, வலிப்பு மருந்தோடு எந்தச் சிக்கலும் இல்லை. மனைவிக்கு வலிப்பு என்றால் இதை முதலில் கணவர்தான் எடுத்துக் கதைக்க வேண்டும்.

## இடையில் எடுக்கும் ஓமோன் குளிசைகள்

அவசரக் கருத்தடைக் குளிசை. போஸ்டினோர் போன்றவை, லெவொனொஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். நொதியம் கூட்டும் மருந்து எடுப்பவருக்கு அந்த அளவு போதாது. இரட்டிப்பாக, அதாவது 3 மில்லிகிராம் எடுக்கச் சொல்வது பிரித்தானிய வழிகாட்டல். அதைவிட உறுதியானது ஐந்து நாட்களுக்குள் செப்பு லூப் வைத்துக்கொள்வது. பார்மசியில் கேட்கும்போது வலிப்பு மருந்தின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

நாள் தள்ளும் குளிசை. பங்குனியில் கோணேசர் கோவில் திருவிழா, பத்திரகாளி அம்மன் கோவில், கல்யாண வீடு, உம்ரா. நம்மில் அனேகமானோர் ஒரு தடவையாவது நோரெத்திஸ்டெரோன் எடுத்திருப்போம், டொக்டரைக் கேட்காமலே. கார்பமசெபின் எடுப்பவருக்கு அது சரியாக வேலை செய்யாமல் நடுவில் இரத்தம் படலாம். அதில் ஒரு பங்கு உடலில் ஈஸ்திரஜனாக மாறுவதால் லமோட்ரிஜின் எடுப்பவரும் கேட்டே எடுக்க வேண்டும். இது கருத்தடையும் அல்ல. திருவிழா நாட்களில் நித்திரை முழிப்பும் விரதமும் சேர்கின்றன, வலிப்புக்கு அவையே போதும். என் கருத்து: வலிப்பு உள்ளவர் நாள் தள்ளாமல் இருப்பது நல்லது. அம்பாள் கோபிக்க மாட்டாள்.

## ஓமோனே சிகிச்சையாக: மாதவிலக்கோடு வரும் வலிப்பு

"மாதா மாதம் அந்த நாளில்தான் வருகிறது" என்று சொல்லும் பெண்களை வீட்டார் நம்புவதில்லை. அது உண்மை. ஈஸ்திரஜன் மூளையைத் தூண்டும், புரோஜெஸ்தரோன் அடக்கும். மாதவிலக்குக்கு முன் புரோஜெஸ்தரோன் திடீரென்று இறங்கும்போது அந்த அடக்கம் போய்விடுகிறது. மாதவிலக்குக்கு மூன்று நாள் முன்னிருந்து மூன்று நாள் பின்வரை வலிப்பு கூடுவது ஒரு வகை, முட்டை வெளிவரும் நாட்களில் கூடுவது இன்னொன்று.

இதற்கு இரண்டு தெரிவு அதிகம் பேசப்படுகிறது. ஒன்று, மாதத்தின் இரண்டாம் பாதியில் இயற்கைப் புரோஜெஸ்தரோன் கொடுப்பது. 294 பெண்களை வைத்து நடந்து 2012 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. மாதவிலக்கு நாட்களில் வலிப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும் பெண்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது. இன்னொன்று, அந்தச் சில நாட்களுக்கு மட்டும் குளோபசாம் என்ற வலிப்பு மருந்தைச் சேர்ப்பது. ஓமோன் தேவையில்லை, செலவும் குறைவு, ஆனால் மாதவிலக்கு ஒழுங்காக வருபவருக்குத்தான் நாள் கணக்கு வைத்துச் செய்ய முடியும். தூக்கம் வரும். நான் முதலில் குளோபசாமைப் பற்றிக் கேட்பேன், அது சரிவராவிட்டால் புரோஜெஸ்தரோன்.

எதைக் கேட்பதானாலும் வெறும் வாய்ப் பேச்சோடு போகாதீர்கள். கலண்டரில் மூன்று மாதம் மாதவிலக்குக்கு ஒரு நிறம், வலிப்புக்கு ஒரு நிறம் அடையாளமிட்டுக் கொண்டுபோங்கள். அந்தக் கலண்டரைப் பார்த்தால் எந்த டொக்டரும் கவனிப்பார்.

மாதவிடாய் நிற்கும் வயதில் வெப்பம் அடிப்பதற்காக ஓமோன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2006 இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 21 பெண்களுக்கு ஈஸ்திரஜனும் மெட்ரொக்சி புரோஜெஸ்தரோனும் சேர்ந்த குளிசை அளவு கூடக் கூட வலிப்பும் கூடியது. அதனால் வேறு வகையையும் குறைந்த அளவையும் பற்றிக் கதைக்காமல் தொடங்க வேண்டாம். ஈஸ்திரஜன் எடுக்கும் திருநங்கையருக்கும் இதே இரு பக்கக் கவனம் பொருந்தும்: கார்பமசெபின் அந்த ஓமோனைக் குறைக்கலாம், ஓமோன் லமோட்ரிஜினைக் குறைக்கலாம். மறைக்காமல் சொல்லக்கூடிய ஒரு டொக்டரை அவர்கள் கண்டுபிடிப்பது எங்களைவிடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

## அப்படியானால் யாருக்கு எது?

கார்பமசெபின், பெனிடொயின், பெனோபாபிட்டோன் எடுப்பவருக்கு என் தெரிவு லூப். இரத்தப்போக்குத் தாங்காது என்றால் ஓமோன் லூப், அது முடியாவிட்டால் எலும்பைக் கவனித்துக்கொண்டு ஊசி. லமோட்ரிஜின் எடுப்பவருக்கு லூப், குச்சி, ஊசி மூன்றும் சரி, குளிசை கடைசி. லெவெடிரசெட்டம் எடுப்பவர் தன் வசதிக்கு எதையும் தேர்ந்துகொள்ளலாம். வல்ப்ரோவேட்டை மாற்றவே முடியாது என்று ஆனவர் மறதிக்கு இடமில்லாத முறை ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்: குச்சி அல்லது லூப்.

வெருகலில் இருந்து வரும் ஒரு தங்கச்சி பெனிடொயின் எடுக்கிறாள். லூப் என்றாலே நடுங்கினாள். ஊசி தொடங்கினாள், ஒரு வருடமாகிறது. "வேண்டாத ஒன்றை வைத்துக்கொண்டு பயந்து வாழ்வதைவிட, கல்சியம் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன் டீச்சர்" என்கிறாள். அவளுக்கு அதுதான் சரியான முடிவு. நான் வற்புறுத்தவில்லை.

என் லூப்புக்கு இந்த வருடத்தோடு பத்து வருடம். எனக்கு 41. நாற்பதுக்குப் பிறகு வைக்கும் செப்பு லூப்பை மாதவிடாய் நிற்கும்வரை விட்டுவைக்கலாம் என்று டொக்டர் சொன்னார், அதனால் இனி வைப்பது கடைசி லூப். அடுத்த புதன் தவணை. வலிப்புக் கொப்பியையும் குடும்பத்திட்ட அட்டையையும் ஒரே பைக்குள் இப்போதே வைத்துவிட்டேன்.